சுண்ணாம்பு நீர் கட்டிய குளங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோவேறு கழுதையின் முதுகில் அஞ்சல் பை ஏறிச் செல்லும் ஊர் ஒன்று இன்றும் உண்டு என்றால் பலரும் நம்பத் தயங்குவர். அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கான்யனின் ஒரு கிளைக்குள் அடங்கிக் கிடக்கும் சுப்பாய் என்னும் சிற்றூரே அது. கடிதம் மட்டுமன்று, கடைச் சரக்கும் காய்கறியும் கூட அங்கே அஞ்சலாகவே போய்ச் சேர்கின்றன. இந்த ஊருக்கான அஞ்சலைக் கையாளும் பீச் ஸ்பிரிங்ஸ் அஞ்சலகத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு குளிர்பதன அறை இருக்கிறது. கடிதங்களைக் குளிரவைக்க வேண்டிய தேவை எந்த அஞ்சலகத்துக்கும் இல்லை. அது மேற்கூறிய காய்கறிக்காகவும் இறைச்சிக்காகவும் ஏற்பட்டது.

சுப்பாய்க்குச் சாலை கிடையாது. நடந்து போகலாம், குதிரையிலோ கோவேறு கழுதையிலோ போகலாம், வசதியுள்ளோர் ஹெலிகாப்டரில் போகலாம். நெடுஞ்சாலையை விட்டு 60 மைலுக்கு மேல் வறண்ட மேட்டு நிலத்தில் பயணம் செய்தால் ஹுவாலபாய் மேடு என்னும் விளிம்பு வரும். அங்கே சாலை முடிகிறது; காலடிப் பாதை தொடங்குகிறது. விளிம்பின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,580 மீட்டர். ஊரின் உயரம் ஏறத்தாழ 975 மீட்டர். இடையிலுள்ள 600 மீட்டர் இறக்கத்தில் பெரும் பங்கை முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே பாதை வளைந்து வளைந்து இறங்கிவிடுகிறது. பிறகு காய்ந்த ஓடைப்படுகையில் கூழாங்கல்லையும் மணலையும் மிதித்துக்கொண்டு, இரு பக்கமும் செந்நிறப் பாறைச் சுவர்கள் நெருங்கி நிற்க, நடந்துகொண்டே இருக்க வேண்டும். மொத்தத் தொலைவு 13 கிலோமீட்டர். வழியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கோடையில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு.

ஊரை நெருங்கும் வேளையில்தான் அந்த அதிசயம். வறண்ட படுகையில் திடீரென்று ஆறு தோன்றுகிறது. பக்கத்தில் பருத்தி மரங்களும் வில்லோ மரங்களும் செழித்து நிற்கின்றன. நீரின் நிறமோ நீலமும் பச்சையும் கலந்தது. துத்தம் கரைத்துவிட்டார்களோ என்று ஐயுறத் தோன்றும் நிறம். ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டருக்குள் அந்த ஆறு அருவிகளாக விழுகிறது. ஹவசு அருவி ஏறத்தாழ 30 மீட்டர். அதற்கும் கீழேயுள்ள மூனி அருவி ஏறத்தாழ 58 மீட்டர். ஒவ்வொரு அருவியின் அடியிலும் படிப்படியாக, வாய்க்கால் மதகு கட்டியதுபோல் வரப்புகள் எழும்பி நிற்க, அவற்றினுள்ளே தெளிந்த குளங்கள் தேங்கிக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் இத்தனை தூரம் நடப்பது இக்குளங்களில் நீந்துவதற்காகவே.

இங்கே வாழும் மக்கள் ஹவசுப்பாய் எனப்படுவர். நீலப்பச்சை நீரின் மக்கள் என்பது அப்பெயரின் பொருள். இக்குளங்களை யார் கட்டினார்கள், இந்த நீர் யாருடையது என்ற இரண்டு கேள்விகளும் தனித்தனியானவை போலத் தோன்றும். முதலாவது இயற்கை அறிஞருக்கு, இரண்டாவது வழக்கறிஞருக்கு என்று பிரித்துவிடலாம் என்றும் தோன்றும். இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றைப் பார்த்தால் அப்படிப் பிரிக்க முடியவில்லை.

கொத்தனார் இல்லாத கட்டடம்

நம் வீடுகளில் உப்பு நீரைக் காய்ச்சும் வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகக் கெட்டியான படிவு ஒன்று ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் நாரால் தேய்த்தாலும் போகாது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புக்கல். ஹவசுக் குளங்களின் வரப்புகளும் அதே பொருள்தான். பானையில் அதைப் படிய வைப்பது நெருப்பு. இங்கே படிய வைப்பது அருவி.

மேட்டு நிலத்தில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சாக வெளிவிட்ட கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. இவ்வாறு நீர் மென்மையான அமிலமாகிறது. கீழே அதற்காகக் காத்திருப்பவை, பழங்காலக் கடலின் அடியில் உருவான சுண்ணாம்புப் பாறை அடுக்குகள். ரெட்வால் என்னும் அடுக்கின் வயது ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகள்; அதற்கும் கீழேயுள்ள முவாவ் அடுக்கு 50 கோடி ஆண்டு பழையது. மேட்டின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் ஆழம் வரை வெடிப்புகளின் வழியே கசிந்து இறங்கும் அமில நீர், சுண்ணாம்பைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. அதன் கீழே நீர் புகாத பாறை. ஆகவே நீர் பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தாக்கு அந்த அடுக்கை வெட்டிய இடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஊற்றின் அளவு விநாடிக்கு ஏறத்தாழ 1,800 லிட்டர். பூமிக்குள்ளிருந்து வருவதால் கோடையிலும் குளிர்காலத்திலும் வெப்பநிலை ஏறத்தாழ 21 டிகிரிதான்.

பூமிக்குள் இருந்தவரை கரியமில வாயு நீருக்குள் அடங்கிக் கிடந்தது. வெளியே வந்ததும் அது தப்பிக்கப் பார்க்கிறது. கோலி சோடாவின் கோலியை அழுத்தியதும் நுரை பொங்குவது எதனால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமைதியாக ஓடும் நீரிலிருந்து வாயு மெல்லப் பிரியும். பாறையில் மோதித் துளித்துளியாகச் சிதறும் நீரிலிருந்து விரைந்து பிரியும். வாயு போய்விட்டால் பைகார்பனேட்டால் கரைசலாக நிற்க முடியாது. அது மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. இலை, சுள்ளி, வேர் எது அகப்பட்டாலும் அதன்மேல் படிந்து கல்லாக்கிவிடுகிறது. இக்கல்லை டிராவர்ட்டைன் என்பர்.

அடுத்து நடப்பதுதான் மிகவும் நேர்த்தியானது. ஆற்றின் குறுக்கே ஒரு சிறு மரக்கிளை கிடப்பதாகக் கொள்வோம். அதன்மேல் ஏறி வழியும் நீர் மெல்லிய ஏடாகப் பரவி வேகமாக ஓடும். அங்கே வாயு அதிகம் பிரியும். சுண்ணாம்பு அதிகம் படியும். படிந்ததால் வரப்பு உயரும், உயர்ந்ததால் நீர் இன்னும் வேகமாக வழியும், இன்னும் படியும். தன் வளர்ச்சியே தனக்கு உரமாகும் நிகழ்ச்சி இது. வரப்பின் பின்னே நீர் தேங்குகிறது, அதுவே குளம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு சுண்ணாம்பை மட்டும் விட்டுச் செல்வதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால்கூட, விநாடிக்கு 180 கிராம், ஒரு நாளைக்குப் பதினைந்தரை டன் கல் இந்த ஆற்றில் வந்து இறங்குகிறது. இத்தனை லாரிப் பாரத்தை ஓசையின்றிச் சுமந்து வரும் நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதுதான் வேடிக்கை.

நிறத்துக்கும் சுண்ணாம்புக்கும் தொடர்புண்டு. நீர் இயல்பாகவே சிவப்பு ஒளியைச் சற்று உட்கொள்ளும். அடியிலுள்ள வெண்ணிறப் படிவு மீதமுள்ள நீலத்தையும் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்களும் ஒளியைச் சிதறடிக்கின்றன. கருமண் குளத்தில் இதே நீரை ஊற்றினால் இந்த நிறம் தெரியாது.

மூனி அருவியின் அடியில் நீரின் வெப்பநிலை உச்சியில் இருப்பதைவிட எவ்வளவு கூடியிருக்கும் என்பது எங்கள் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுக்கத்தக்க கணக்கு. ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுவதாகக் கொண்டால் விடை ஏறத்தாழ 0.14 டிகிரி. நீந்துபவருக்குத் தெரியாது.

பாதையில் வந்தவர்கள்

ஹவசுப்பாய் மக்கள் பல நூற்றாண்டுகளாக இங்கே வாழ்கின்றனர். கோடையில் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளம், அவரை, பூசணி பயிரிடுவார்கள். அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு மேட்டு நிலத்துக்கு ஏறிவிடுவார்கள். பள்ளத்தாக்கு ஆழமானது, குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து செல்வதால் பாறைச் சுவரைத் தாண்டி வெயில் சில மணி நேரமே உள்ளே விழும். மேட்டிலோ வெயில் உண்டு, விறகு உண்டு, மான் உண்டு, பின்யோன் என்னும் பைன் மரக் கொட்டைகள் உண்டு. ஆண்டில் பாதி கீழே, பாதி மேலே. அந்தப் பாதை அவர்களுக்குச் சுற்றுலாப் பாதை அன்று. ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவேயுள்ள படிக்கட்டு.

வெளியார் வருகையில் முதலில் பதிவாகியிருப்பது பிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாருடையது. அவர் 1776 ஜூனில் இறங்கி வந்து சில நாள் தங்கினார். நல்ல உபசாரம் கிடைத்தது. அடுத்த மாதம் கிழக்குக் கரையில் அமெரிக்கா தன் விடுதலையை அறிவித்தது. அச்செய்தி இங்கே எட்ட வாய்ப்பில்லை.

அறிவியல் நோக்கோடு வந்தது 1858ஆம் ஆண்டின் அரசாங்கப் பயணக்குழு. கொலராடோ ஆற்றில் நீராவிப் படகு எவ்வளவு தூரம் ஏறிச் செல்ல முடியும் என்று ஆராய அனுப்பப்பட்டவர் ஜோசப் ஐவ்ஸ் என்ற இராணுவ அதிகாரி. படகு பாறையில் மோதி நின்றபின் தரைவழியே கிழக்கு நோக்கிச் சென்றார். இப்பள்ளத்தாக்கின் ஒரு கிளைக்குள் அவர் குழு இறங்கியபோது, செங்குத்தான ஓரிடத்தில் பழங்குடியினர் வைத்திருந்த மர ஏணி ஒன்று குறுக்கிட்டது. ஓவியரும் நிலப்பட வல்லுநருமான எக்லாஃப்ஸ்டைன் அதில் கால் வைத்தார். அவர் சற்றுப் பருத்த உடம்பினர். ஏணி முறிந்து அவர் கீழே போய் விழுந்தார். நல்ல வேளையாகப் பெருங்காயம் இல்லை. மேலே ஏற வழி இல்லாததால், வந்தது வரட்டும் என்று தனியே நடந்து சென்று கிராமத்தைப் பார்த்துவிட்டே திரும்பினார்! பிறகு சிப்பாய்களின் துப்பாக்கி வார்களை ஒன்றோடொன்று முடிந்து கயிறாக்கி அவரை மேலே இழுத்தார்கள்.

அதே குழுவில் ஜான் ஸ்ட்ராங் நியூபெரி என்ற நிலவியலாளர் இருந்தார். கிராண்ட் கான்யனைக் கண்ட முதல் நிலவியலாளர் அவரே. இத்தனை பெரிய பிளவு பூகம்பத்தால் நிலம் வெடித்து ஏற்பட்டதன்று, ஓடும் நீர் அறுத்து அறுத்து உண்டாக்கியது என்று அவர் எழுதினார். அக்காலத்தில் அது துணிவான முடிவு. தலைவர் ஐவ்ஸோ 1861இல் வெளிவந்த தம் அறிக்கையில், பயனற்ற இந்த இடத்துக்கு இனி எவரும் வரப்போவதில்லை என்ற கருத்தை எழுதி வைத்தார். இரண்டு முடிவுகளில் எது நிலைத்தது என்பதை வாசகர்களே அறிவர்.

வந்தார்கள். 1870களில் வெள்ளியும் ஈயமும் தேடும் சுரங்கக்காரர்கள் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர் மூனி; முன்பு மாலுமியாக இருந்தவர். 1880 வாக்கில் கடைசி அருவியின் உச்சியிலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்க முயன்றபோது நடுவழியில் விழுந்து இறந்தார். உடலை உடனே எடுக்க முடியவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு தோழர்கள் டிராவர்ட்டைன் பாறையைக் குடைந்து கீழே சென்றபோது, அவர் உடல்மேல் சுண்ணாம்பு ஏடு படிந்திருந்ததாகச் சொல்வார்கள். அருவி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்று குடைந்த சுரங்க வழியில்தான் இன்றும் பயணிகள் சங்கிலியைப் பற்றிக்கொண்டு இறங்குகிறார்கள்.

518 ஏக்கர்

சுரங்கக்காரர்களின் தொல்லை பெருகவே, 1880 ஜூனில் ஜனாதிபதி ஹேய்ஸ் ஹவசுப்பாய் மக்களுக்கென்று ஓர் ஒதுக்கீட்டு நிலத்தை அறிவித்தார். ஓடையை ஒட்டி 12 மைல் நீளம், 5 மைல் அகலம். 38,400 ஏக்கர் வரும். மறு ஆண்டு நில அளவைக்கு வந்த இராணுவப் பொறியாளருக்கு, ஏறவும் இறங்கவும் முடியாத பாறைச் சுவர்களுக்கு மேலே எல்லைக்கல் நடுவது பெரும்பாடாகத் தெரிந்தது. பயிர் விளையும் அடிநிலத்தை மட்டும் அளந்து கொடுப்பது எளிது. 1882 மார்ச் 31 அன்று ஜனாதிபதி ஆர்தர் பிறப்பித்த ஆணை அப்படியே எல்லையைச் சுருக்கியது. மிஞ்சியது 518 ஏக்கர். ஒரு சதுர மைலுக்கும் குறைவு.

இந்த எல்லையைச் சற்று இயற்பியல் கண்ணோடு பார்க்க வேண்டும். படத்தில் அது நியாயமாகவே தெரியும். ஆறு இருக்கிறது, வயல் இருக்கிறது, வீடு இருக்கிறது, அருவி இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஆறு, கண்ணுக்குத் தெரியாத பெரிய ஆற்றின் கடைசிச் சில மைல்களே. அதன் பிறப்பிடம் 900 மீட்டர் உயரே, மழை விழும் மேட்டு நிலத்தில் இருக்கிறது. இந்த ஓடைக்கு நீர் தரும் பரப்பு ஆயிரக்கணக்கான சதுர மைல். எல்லைக் கோடு வரைந்தவர் குழாயின் வாயைக் கொடுத்துவிட்டுத் தொட்டியை வெளியே நிறுத்திவிட்டார். மக்களின் வாழ்க்கையும் அதே வகையில் வெட்டுண்டது. குளிர்கால வீடு, வேட்டைக் காடு, கொட்டை பொறுக்கும் மரங்கள் அனைத்தும் அயலார் நிலமாயின. இருப்புப்பாதை வந்தது; அதன் பின்னே கால்நடைப் பண்ணைக்காரர்கள் வந்து மேட்டிலிருந்த சுனைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பள்ளத்தாக்கில் வாழ்வதன் ஆபத்து என்ன என்பது 1910 ஜனவரியில் தெரிந்தது. மேட்டு நிலத்துப் பனியும் மழையும் ஒருசேர உருகிப் பெருகி, 2ஆம் தேதி வெள்ளம் சுப்பாயை அடித்துச் சென்றது. வீடுகளும் பள்ளிக் கட்டடமும் போயின. 

வெள்ளத்தின் வலிமைக்குப் பழைய பாட நூல்களில் ஒரு விதி உண்டு. ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை தோராயமாக 64 மடங்கு ஆகும். வேகத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப அது வளர்கிறது. அகன்ற சமவெளியில் முழங்கால் அளவு பரவும் வெள்ளம், இரு சுவர்களுக்கு நடுவே குறுகும்போது எப்படி வேகமெடுக்கும் என்று எண்ணிப் பார்த்தால், பல ஆண்டுகள் நாள்தோறும் படிந்து எழும்பிய சுண்ணாம்பு வரப்புகள் ஒரே இரவில் பொடியாவது புரியும். ஹவசு அருவி அதற்கு முன் மணப்பெண்ணின் முகத்திரை என்ற பொருளில் பெயர் பெற்றிருந்தது. பாறையின் அகலம் முழுவதும் மெல்லிய திரையாக வழிந்ததால் அப்பெயர். 1910 வெள்ளம் உச்சியில் ஒரு பள்ளத்தை வெட்டிவிட்டது. திரை போய், நீர் அவ்வழியே தாரையாகக் குதிக்கலாயிற்று. குளங்களின் வரப்புகள் மட்டும் மெல்ல மெல்ல மீண்டும் எழும்பின.

1919இல் கிராண்ட் கான்யன் தேசியப் பூங்கா அமைந்தது. அதன் எல்லை ஹவசுப்பாய் மக்களின் மேட்டு நிலங்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. பூங்காவுக்குள் ஓர் ஊற்றோரம் தோட்டம் வைத்து வாழ்ந்த அவர்களின் கடைசிக் குடும்பம் 1928இல் வெளியேற்றப்பட்டது. பாதையும் விடுதியும் அமைக்கும் வேலைக்கு மட்டும் அம்மக்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் தோட்டத்துக்கு ஹவசுப்பாய்த் தோட்டம் என்று அரசு முறையாகப் பெயர் சூட்டியது 2022இல்.

இழந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு அவர்கள் தலைமுறை தலைமுறையாக மனுக் கொடுத்து வந்தார்கள். 1970களில் அது அமெரிக்கக் காங்கிரசில் விவாதமாயிற்று. எதிர்த்தவர்களில் சியரா கிளப் போன்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் இருந்தன. பழங்குடியினர் கையில் நிலம் போனால் விடுதிகளும் வணிகமும் பெருகி இயற்கை கெடும் என்பது அவர்கள் வாதம். காட்டையும் ஊற்றையும் காப்பதில் அவர்களுக்கு உண்மையான அக்கறை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்தனை நூற்றாண்டுகளாக அந்த நீரைக் கெடாமல் வைத்திருந்தவர்கள் யார் என்ற கேள்வியை அவர்கள் எழுப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1975 ஜனவரி 3 அன்று ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தின்படி 1,85,000 ஏக்கர் மேட்டு நிலமும் பள்ளத்தாக்கும் அம்மக்களுக்குத் திரும்பின. மேலும் 95,300 ஏக்கர் பூங்காவினுள்ளேயே அவர்களது மரபுவழிப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. வணிக நோக்கில் மரம் வெட்டுவதும் சுரங்கம் தோண்டுவதும் கூடாது என்ற நிபந்தனையும் சட்டத்தில் உண்டு. பூங்கா நிர்வாகத்திடம் இருந்த அருவியோர முகாம் நிலமும் அப்போதுதான் அவர்கள் கைக்கு வந்தது.

வரம்பும் வெள்ளமும்

இன்று சுப்பாயில் வாழ்வோர் ஏறத்தாழ 200 பேர். குளங்களைக் காண வருவோர் அளிக்கும் கட்டணமே அவர்களுடைய முக்கிய வருவாய். முன்னரே பதிவு செய்யாதவர்க்கு அனுமதி இல்லை. காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடும் ஒருநாள் பயணத்துக்கும் அனுமதி இல்லை. டிராவர்ட்டைன் பார்ப்பதற்குக் கல்லாயினும் புதிதாகப் படிந்த வரப்பு மென்மையானது. காலால் மிதித்து ஏறினால் ஓரம் உதிரும். கொரோனா நோய் பரவிய 2020 மார்ச்சில் அவர்கள் பாதையை அடைத்தார்கள். மருத்துவமனைக்குப் போவதென்றால் மலையேற வேண்டிய ஊரில் அது தேவையான முன்னெச்சரிக்கை. 2023 பிப்ரவரியில்தான் பாதை மீண்டும் திறந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டு வருவாயை அவர்கள் இழந்தார்கள்.

வெள்ளம் மட்டும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியுடன் கூடிய பருவமழை அங்கே வரும். தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். எங்கோ ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் மேட்டில் பெய்த மழை பள்ளத்தாக்கில் சுவராக எழுந்து வரும். 2008 ஆகஸ்டு 17 அன்று கனமழையில் மேலே இருந்த மண் அணை ஒன்றும் உடைந்தது. ஊர் மக்களும் பயணிகளுமாக நூற்றுக்கணக்கானோர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். மறுநாள் பார்த்தால், நவாஹோ அருவி இல்லை! அருவி உடையவில்லை, ஆறு வேறு தடம் வெட்டிக்கொண்டு போய்விட்டதால் பாறை காய்ந்து நின்றது. புதுத் தடத்தில் இரண்டு புதிய அருவிகள் பிறந்திருந்தன. இங்கே ஒரு சிறு விளக்கம்: நவாஹோ என்பது அப்பெயருடைய வேறொரு பழங்குடியைக் குறிப்பதன்று; பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹவசுப்பாய்த் தலைவர் ஒருவரின் பெயர். 2024 ஆகஸ்டு வெள்ளத்தில் பயணி ஒருவர் உயிரிழந்தார்.

வெள்ளத்தை அம்மக்கள் அறிவார்கள். அது உடைத்ததைச் சுண்ணாம்பு நீர் மீண்டும் கட்டுவதையும் பல தலைமுறைகளாகப் பார்த்திருக்கிறார்கள். இப்போது அவர்களை வாட்டும் கவலை வேறு. அது மேட்டு நிலத்தில் இருக்கிறது.

கிராண்ட் கான்யனைச் சுற்றியுள்ள மேட்டில் யுரேனியத் தாது கிடைக்கிறது. அது கிடைக்கும் விதம் வியப்பானது. மிகப் பழங்காலத்தில் ரெட்வால் சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்துக் குகைகளாக்கிற்று. குகைகளின் கூரை இடிந்தது. அதற்கு மேலிருந்த அடுக்கும் இடிந்தது. இப்படியே இடிந்து இடிந்து, உடைகற்கள் நிறைந்த செங்குத்தான குழாய்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு உண்டாயின. அக்குழாய்களில் பின்னாளில் நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆக, குளங்களைக் கட்டியதும் தாதுக் குழாய்களுக்கு வித்திட்டதும் சுண்ணாம்பை நீர் கரைக்கும் ஒரே வேதிவினைதான். தாதுக் குழாயின் அடி வேர், ஹவசு ஊற்றுக்கு நீர் தரும் அதே பாறை அடுக்கில் இருக்கிறது.

ரெட் பியூட் என்பது அம்மக்கள் புனிதமாகக் கருதும் தனிமலை. அதனருகே அப்படிப்பட்ட ஒரு குழாயில் சுரங்கம் தோண்ட 1986இல் வனத்துறை அனுமதி அளித்தது. இடம் ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே இருந்தது. ஹவசுப்பாய் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள், தோற்றார்கள். யுரேனியத்தின் விலை வீழ்ந்ததால் வேலை தானாகவே நின்று பல ஆண்டு கிடந்தது. 2012இல் மத்திய அரசு அப்பகுதியில் ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கரில் புதிய சுரங்க உரிமைகளை 20 ஆண்டுகளுக்குத் தடை செய்தது. 2023 ஆகஸ்டில் ஜனாதிபதி பைடன் ஏறத்தாழ 9,17,000 ஏக்கரைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். இரண்டு ஆணைகளும் ஏற்கெனவே உள்ள உரிமைகளைத் தொடவில்லை. 1986இல் அனுமதி பெற்ற சுரங்கம் அந்த விலக்கில் அடங்கியது. 2023 இறுதியில் அங்கே தாது வெட்டும் வேலை தொடங்கிற்று.

தாதுக்கும் ஆழத்து நீருக்கும் நடுவே நீர் புகாத அடுக்குகள் இருக்கின்றன, ஊற்றுக்கு ஆபத்தில்லை என்பது நிறுவனத்தின் வாதம். பாறை வெடிப்புகளின் வழியே நீர் எங்கே போகும் என்பதை யாரும் முழுமையாகப் படம் வரைந்ததில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். சுரங்கத்துக்குக் குழி இறக்கியபோது, 2016இல் அவர்கள் எதிர்பாராத அளவுக்கு மேலடுக்கு நீர் பெருக்கெடுத்தது. அன்று முதல் அதை இறைத்து வெளியே எடுத்து வருகிறார்கள். கண்காணிப்புக் கிணறுகளில் நீரெடுத்துச் சோதிக்கும் வேலையும் நடந்து வருகிறது. ஆனால் நிலத்தடி நீர் நடை வேகத்தில் வருவதில்லை. மேட்டில் இன்று கலக்கும் ஒரு பொருள் ஊற்றில் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். அது தலைகாட்டும் நாளில் சுரங்கத்தில் தாது தீர்ந்து, வாயிலை மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஹவசுப்பாய் மக்கள் ரெட் பியூட் மலையடிவாரப் புல்வெளியில் கூடி வழிபாடு நடத்துவதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். சுப்பாயிலிருந்து அங்கே போக முதலில் அந்த 13 கிலோமீட்டர் பாதையில் ஏறியாக வேண்டும்.